உடன்பிறந்தவர் கதையைப் படப்புத்தகமாக்குவது எப்படி: முதல்முறை முயல்பவர்களுக்கு

தம்பிக்காக எதையும் தாங்கும் அக்காவைப் பற்றி ஒரு மாயக்கதை எழுதி, படம் வரைந்து, குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. எழுத உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலேயே ஒரு வரி தானாக வந்து விழும்: "அவர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள்." அந்த வரியை அடித்துவிடுங்கள். கேட்கிற குழந்தைக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. வரைகிறவருக்கும் வரைய ஒன்றும் இல்லை. பாசம் என்ற சொல்லை ஒரு தடவைகூட எழுதாமல் கதையை முடிப்பது என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேலைகள் எல்லாம் அதிலிருந்து பிறக்கும்.

என்ன கொடுக்கிறாள் என்பதிலிருந்து தொடங்குங்கள்

பழைய கதைகளைக் கொஞ்சம் பாருங்கள். நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் பன்னாட்டு அட்டவணையில் இந்தக் கதைகளுக்கென்றே எண்கள் இருக்கின்றன. விலங்காக மாறிய சகோதரனைப் பிரியாமல் இருக்கும் பெண்ணின் கதை 450. பறவைகளாகிவிட்ட சகோதரர்களைத் தேடிப் போகும் பெண்ணின் கதை 451. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஆறு அன்னங்களின் கதை இந்த இரண்டாம் வகை. அதில் தங்கை ஆறு வருஷம் பேசவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. அதற்குள் அண்ணன்மாருக்காகப் பூக்களைக் கொண்டு ஆறு சட்டை தைத்து முடிக்க வேண்டும். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1838ல் வெளியிட்ட காட்டு அன்னங்களின் கதையில் அண்ணன்மார் பதினொரு பேர். சட்டை செய்ய வேண்டியது கையைச் சுட்டெரிக்கும் காஞ்சொறிச் செடியின் நாரில்.

இரண்டிலும் அவளுக்கு அண்ணன்கள்மேல் எவ்வளவு அன்பு என்று யாரும் விளக்குவதில்லை. விளக்கவும் தேவையில்லை. கொப்புளம் வந்த கைகளோடு அவள் தைத்துக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான். நீங்களும் இப்படி ஒன்றைத்தான் தேட வேண்டும்: தம்பிக்காக அவள் இழப்பது எதை? அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். "தூக்கத்தை இழந்தாள்", "நிம்மதியை இழந்தாள்" என்பதெல்லாம் நாவலுக்குச் சரி. படப்புத்தகத்துக்கு முடி, குரல், நிறம், செருப்பு, விளக்கு என்று வரையக்கூடிய ஒன்றாக இருக்கட்டும்.

மேலே பேசுவதற்கு வசதியாக ஒரு கதையை இங்கேயே கட்டிக்கொள்வோம். அக்கா கயல், தம்பி முகில். இரவு என்பது ஒரு பெரிய கறுப்புத் துணி. அதைத் தைத்துப் பராமரிப்பவள் ஒரு பாட்டி. ஒருநாள் அந்தத் துணியில் கிழிசல் விழுகிறது. ஒட்டுப்போட இருட்டுத் துணி வேண்டும் என்று, அந்தி நேரத்தில் தனியாக நின்ற முகிலின் நிழலைப் பாட்டி வெட்டி எடுத்துப் போய்விடுகிறாள். நிழல் போனதும் முகில் நாளுக்கு நாள் எடை குறைந்து காற்றில் ஆடத் தொடங்குகிறான். கயல் பாட்டியைத் தேடிப் போகிறாள். ஒட்டைப் பிரித்தால் இரவெல்லாம் வெளிச்சம் ஒழுகும், உலகத்தில் ஒரு பிள்ளையும் தூங்காது. அதனால் கயல் தன் நிழலைத் தலையிலிருந்து கால் வரைக்கும் இரண்டாக வெட்டி, பாதியைக் கொண்டுவந்து தம்பியின் பாதத்தோடு தைக்கிறாள்.

இழப்பு நிழல். கண்ணுக்குத் தெரிகிறது, எல்லாப் பக்கத்திலும் வரையலாம். இந்த அளவுக்குத் தெளிவு வந்த பிறகு எழுதத் தொடங்கினால் போதும்.

மாயத்துக்கு ஒரு சட்டம், முடிவில் ஒரு குறை

மாயக்கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது புதிதாக எழுதுகிறவர்களுக்கு வரும் பெரிய மயக்கம். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் அக்காவின் தியாகத்துக்கு என்ன மதிப்பு? ஒரு மந்திரக்கோலை ஆட்டித் தீர்த்துவிடலாமே. ஆகவே ஒரே ஒரு சட்டம் வையுங்கள். அதை ஒரு வரியில் குழந்தைக்குச் சொல்ல முடிய வேண்டும். கடைசி வரை மீறாதீர்கள். நம் கதையில் சட்டம் இது: தைத்ததைப் பிரிக்க முடியாது. பாட்டியும் அதற்குக் கட்டுப்பட்டவள்தான்.

இந்தப் பாட்டி கெட்டவள் இல்லை என்பதைக் கவனியுங்கள். சூனியக்காரி இருந்தால்தான் மாயக்கதை என்று இல்லை. எதிரே இருப்பவருக்கும் ஒரு நியாயம் இருந்தால், அவரை அடித்துத் தள்ளிவிட்டுக் கயல் ஜெயிக்க முடியாது; தன்னிடம் இருப்பதைக் கொடுத்தே ஆக வேண்டும். பாசக் கதைக்கு இது பெரிய வசதி. சூனியக்காரி வேண்டும் என்றால் வையுங்கள், தப்பில்லை. ஆனால் அப்போது கதை சண்டைப் பக்கம் சாயும். அதை இழுத்துப் பிடிக்க வேண்டியது உங்கள் வேலை.

அடுத்தது முடிவு. ஆறு அன்னங்கள் கதையில் கடைசிச் சட்டைக்கு இடது கை மட்டும் தைத்து முடியவில்லை. அதனால் எல்லாரும் மனிதர்களாகத் திரும்பிய பிறகும் கடைசி அண்ணனுக்கு இடக்கை இருக்க வேண்டிய இடத்தில் அன்னத்தின் இறக்கை நிற்கிறது. இத்தனை தலைமுறையாக அந்தக் கதையைக் கேட்டவர்கள் மறக்காத இடம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று முடித்தால், கொடுத்தது திரும்பி வந்துவிட்டது என்று ஆகிவிடும். கயலுக்குக் கடைசி வரை அரை நிழல்தான். முகிலுக்கும் அரை நிழல்தான். இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றால் மட்டும் தரையில் முழு நிழல் ஒன்று விழும்.

தம்பியும் ஏதாவது செய்யட்டும்

அக்கா கொடுத்துக்கொண்டே இருக்க, தம்பி வாங்கிக்கொண்டே இருக்கும் கதையைப் பெண் குழந்தைகளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூத்தவள் என்றால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருப்பார்கள். புத்தகமும் அதையே சொல்ல வேண்டாம். இளையவனும் தன்னால் முடிந்த ஒன்றை, தன் அளவில், அக்காவுக்குச் சொல்லாமல் செய்யட்டும்.

முகில் எடை குறைந்து மிதக்கத் தொடங்கியதும், அவன் பறந்துவிடக் கூடாதே என்று கயல் இரவெல்லாம் அவன் காலைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறாள். மறுநாள் முகில் தன் கால்சட்டைப் பைகளில் கூழாங்கற்களை நிரப்பிக்கொள்கிறான். அக்கா தூங்கட்டும் என்று. எழுத்தில் "பையில் கல் போட்டுக்கொண்டான்" என்பது மட்டும் வரட்டும். அடுத்த படத்தில் கயல் அசந்து தூங்குகிறாள்; முகில் உப்பிய பைகளோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஏன் என்பதைக் குழந்தையே கண்டுபிடித்துச் சொல்லும்.

ஆரம்பத்தில் ஒரு சண்டையும் வையுங்கள். சண்டை போடாத அக்கா தம்பியை எந்தக் குழந்தையும் நம்பாது. ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்கும் விளையாட்டில் முகில் அழுகுணி ஆட்டம் ஆடுகிறான். "போடா, உன்னோட நான் பேச மாட்டேன்" என்று கயல் திரும்பி நடக்கிறாள். அந்த நேரம் பார்த்து நிழல் திருடு போகிறது. கயல் கிளம்புவதற்கு இது இன்னொரு காரணமும் ஆகிறது. அதையும் விளக்க வேண்டாம்.

வயது வித்தியாசத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். நாலைந்து வயது இடைவெளி இருந்தால் அக்கா கிட்டத்தட்ட அம்மா ஆகிவிடுவாள். ஒரு வயது என்றால் தோழர்கள் மாதிரி. இரண்டு மூன்று வயது வித்தியாசம், மூத்தவளும் குழந்தைதான் என்று தெரிகிற அளவு, கதைக்கு வளமாக இருக்கும். அம்மா அப்பாவைக் கதையிலிருந்து எப்படியாவது விலக்கி வைக்க வேண்டும். பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் கிளம்ப மாட்டார்கள். பழைய கதைகள் இதற்குச் சிற்றன்னையைக் கொண்டுவந்தன. கிரிம் சகோதரர்களின் ஹான்சல் கிரெட்டல் கதையின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாய்தான். பிற்காலப் பதிப்பில்தான் சிற்றன்னை ஆனாள். இன்று சிற்றன்னையோடும் மாற்றாந்தந்தையோடும் வளரும் குழந்தைகளும் உங்கள் புத்தகத்தைப் படிப்பார்கள். பெரியவர்கள் தூங்குகிறார்கள், ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்ற அளவே போதும்.

பழைய கதையையே எடுத்து மறுபடி சொல்ல நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிம், ஆண்டர்சன் எழுதிய மூலங்கள் பொதுவுடைமை; யாரும் எடுத்தாளலாம். ஆனால் அண்மைக் கால மொழிபெயர்ப்பாளரின் வாக்கியங்களும், திரைப்படங்கள் சேர்த்த பாத்திரங்களும் உடைகளும் அப்படி அல்ல. மூலத்திலிருந்து நேராகத் தொடங்குங்கள்.

எழுத்து: வாய்விட்டுப் படிக்கும் தமிழ்

படப்புத்தகத்துக்கு 500 முதல் 800 சொற்கள் தாராளம். முதல் பிரதி இரண்டாயிரம் வரும், பரவாயில்லை. படம் சொல்லக்கூடியதை எல்லாம் பிறகு எழுத்திலிருந்து எடுத்துவிடலாம். "சிவப்புப் பாவாடை அணிந்திருந்த கயல்" என்பதில் சிவப்பும் பாவாடையும் படத்தின் வேலை. ஒலி, மணம், பேச்சு, நாள் கணக்கு ஆகியவை எழுத்தின் வேலை.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு நீளமாகச் சேர்ந்த சொற்கள் மலை மாதிரி. "போய்க்கொண்டிருந்தபொழுது" என்று எழுதினால் அந்த ஒரு சொல்லிலேயே மூச்சு வாங்கிவிடும். "கயல் போனாள். போய்க்கொண்டே இருந்தாள்." என்று உடைத்தால் பயணத்தின் தூரமும் காதில் விழுகிறது. கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பிள்ளைகள் பேசுவது மட்டும் பேச்சுத் தமிழில் வரட்டும். "அக்கா, எனக்குக் கால் தரையில படவே மாட்டேங்குது" என்று முகில் சொன்னால் உயிர் இருக்கிறது. "என் கால்கள் தரையைத் தொடவில்லையே, அக்கா" என்றால் மேடை நாடகம்.

திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை வந்தால் போதும், நான்காவது தடவை குழந்தையே சொல்லிவிடும். பழைய கதைகளில் மூன்று என்ற எண் சும்மா வரவில்லை. மானாக மாறும் சகோதரனைப் பற்றிய கிரிம் கதையில் மூன்று ஓடைகள் வருகின்றன. முதல் ஓடைத் தண்ணீரைக் குடித்தால் புலி, இரண்டாவதில் ஓநாய், மூன்றாவதில் மான். இரண்டு முறை சகோதரியின் பேச்சைக் கேட்டுத் தாகத்தை அடக்குகிறான், மூன்றாவது முறை முடியவில்லை. முதலிரண்டும் இல்லாமல் மூன்றாவது மட்டும் வந்தால் அவன்மேல் நமக்குக் கோபம்தான் வரும். கயல் வழியில் மூன்று பேரிடம் கேட்கட்டும்: "இரவைத் தைக்கிற பாட்டியைப் பார்த்தீங்களா?" ஆந்தை, கிணறு, அணைந்துபோன விளக்கு. முதல் இருவருக்கும் தெரியாது.

32 பக்கத்தில் கதையை விரிப்பது

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதற்குக் காரணம் அச்சகம். பெரிய தாள் ஒன்றை இரண்டு பக்கமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். அப்படி இரண்டு தாள். ஆகவே 30 பக்கமோ 35 பக்கமோ வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். முதல் மூன்று பக்கங்கள் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போய்விட்டால், நாலாம் பக்கத்திலிருந்து 31 வரை 14 இரட்டைப் பக்கங்கள், கடைசியில் தனியாக ஒரு 32. உங்கள் கதை நடக்க வேண்டிய இடம் இதுதான்.

எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து நூலால் கட்டுங்கள். 32 பக்கம் வந்துவிடும். பதிப்பகத்தார் இதை டம்மி என்பார்கள். கதையை அச்செடுத்து, வெட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டுங்கள். கணினியில் செய்யலாமே என்று தோன்றும். முதல் டம்மியைக் கையால் செய்வதே மேல். பக்கம் புரட்டும்போது என்ன நடக்கிறது என்பது விரலுக்குத்தான் தெரியும்.

பக்கம் புரட்டுவதில்தான் படப்புத்தகத்தின் உயிர் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம். வலது பக்கத்தின் கடைசி வரியில் கேள்வியை விடுங்கள், புரட்டியதும் பதில் கிடைக்கட்டும். நம் கதையில் 22, 23ஆம் பக்கங்களில் கயல் பாட்டியின் முன்னால் நிற்கிறாள். மேலே வானம் முழுக்கத் துணி. அதில் முகிலின் உருவத்தில் ஓர் ஒட்டு. "பிரிக்க முடியாது கண்ணு. தைச்சது தைச்சதுதான்" என்கிறாள் பாட்டி. வலது ஓரத்தில் கடைசி வரி: "கயல் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள்." புரட்டினால் 24, 25. எழுத்தே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் கயல் மண்டியிட்டிருக்கிறாள். அவளுடைய நிழல் இரண்டு பக்கத்துக்கும் நீண்டு கிடக்கிறது. கத்தரிக்கோல் தலையிலிருந்து இடுப்பு வரை வந்துவிட்டது. படித்துக் காட்டுகிறவர் இங்கே பேசாமல் இருக்க வேண்டும். குழந்தை எவ்வளவு நேரம் பார்க்கிறதோ அவ்வளவு நேரம் இந்தப் பக்கம் நீளும். புத்தகத்தில் இப்படி ஒரே ஓர் இடம் போதும். எங்கே என்று தேர்ந்தெடுப்பது உங்கள் ஆகப் பெரிய முடிவு.

நாம் இடமிருந்து வலமாகப் படிப்பதால், வலப்பக்கம் நோக்கி நடக்கும் உருவம் போவதுபோலவும், இடப்பக்கம் நோக்கி நடப்பது திரும்பி வருவதுபோலவும் தோன்றும். கயல் கிளம்பும் பக்கங்களில் எல்லாம் வலது நோக்கியும், அரை நிழலைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வரும்போது இடது நோக்கியும் நடக்கட்டும்.

பிள்ளைகளை வரைவது

வண்ணத்துக்கு அவசரப்படாதீர்கள். முதலில் தீப்பெட்டி அளவில் கட்டங்கள் போட்டு, பென்சிலால் ஒளி எங்கே, இருட்டு எங்கே என்று மட்டும் நிரப்புங்கள். எல்லா இரட்டைப் பக்கங்களும் ஒரே தாளில் இருக்கட்டும். தள்ளி வைத்துப் பார்த்தால், எந்த நாலு பக்கம் ஒரே மாதிரி இருக்கிறது என்று உடனே தெரியும்.

பிறகு கயலையும் முகிலையும் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். வளர்ந்தவர் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை அளவு என்றால், எட்டு வயதுக் குழந்தை ஆறு தலை, நாலைந்து வயதுக் குழந்தை ஐந்து தலை அளவு இருக்கும். படப்புத்தகத்தில் தலையை இன்னும் பெரிதாக்கலாம். இருவருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மாறக் கூடாது. தம்பியின் உச்சந்தலை அக்காவின் தோளைத் தொடுகிறது என்று ஓர் அளவு வைத்துக்கொண்டால் சுலபம். தூரத்தில் சின்னதாக வரைந்தாலும் யார் எவர் என்று தெரிய ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வேண்டும். கயலுக்கு இரட்டைச் சடை. முகிலுக்குத் தொடைவரை தொங்கும் பெரிய பைகள்.

இரட்டைச் சடையைச் சும்மா வைக்கவில்லை. நிழலைப் பாதியாக வெட்டினால் ஒவ்வொரு பாதியிலும் ஒரு சடை வருமே! கதை முடிவில் முகில் வெயிலில் ஓடும்போது, அவன் நிழலில் ஒரு சடை ஆடும். எழுத்தில் இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள். பத்தாவது தடவை படிக்கும்போது ஏதோ ஒரு குழந்தை கண்டுபிடித்துக் கத்தும். எழுதுகிறவரும் வரைகிறவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், இந்த மாதிரி விஷயங்களைப் பேசிக்கொள்ளவாவது இருவரும் ஒன்றாக உட்கார வேண்டும்.

பாசத்தை முகத்தில் வரைய முயலாதீர்கள். கண்ணில் நீர், கன்னத்தில் புன்னகை என்று போனால் வாழ்த்து அட்டை ஆகிவிடும். இரண்டு உருவங்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சண்டைப் பக்கத்தில் இருவரும் தாளின் இரண்டு ஓரத்தில், நடுவில் வெறும் தரை. நிழல் போன காலையில் கயல் ஓர் அடி தள்ளி நிற்கிறாள், தொடத் தயங்கி. தூங்கும் பக்கத்தில் அவள் கை அவன் கணுக்காலில். பயணப் பக்கங்களில் முகிலே இல்லை. ஆனால் அவன் பையிலிருந்த கூழாங்கல் ஒன்று அவள் கையில் இருக்கிறது. கை, தோள், முதுகு ஆகியவற்றைக் கவனமாக வரைந்தால் முகம் சும்மா இருந்தாலும் போதும். மானாக மாறிய சகோதரனின் கதையில் சகோதரி தன் பொன் நாடாவை அவிழ்த்து மானின் கழுத்தில் கட்டி, நாணலால் கயிறு திரித்து அழைத்துப் போகிறாள். வரைகிறவருக்கு அந்த நாடா ஒன்று போதும்.

வண்ணத்தில் ஒரே ஒரு நிறத்தைக் கதைக்கென்று ஒதுக்கி வையுங்கள். நம் கதையில் பாட்டியின் விளக்கு மஞ்சள். கயல் அங்கே போய்ச் சேரும் வரை அந்த மஞ்சளை வேறெங்கும் பயன்படுத்தாமல் இருந்தால், 22ஆம் பக்கத்தைத் திறந்ததும் கண் கூசும். இன்னொன்று: நிழல் பற்றிய கதை என்பதால், ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு வரையத் தொடங்குங்கள். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். குழந்தைகள் கவனிப்பார்கள்.

எவ்வளவு பயம் காட்டலாம்

கண்ணாடி மலையின் பூட்டைத் திறக்கத் தன் சுண்டுவிரலையே வெட்டிக்கொள்ளும் தங்கை கிரிம் கதையில் வருகிறாள். இதை வாயால் சொன்னால் குழந்தை கடந்துபோகும். படமாகப் பார்த்தால் அப்படி இல்லை. புத்தகத்தை மூடினாலும் படம் கண்ணில் நிற்கும். அதனால் பயத்தை எழுத்தில் கொஞ்சம் தாராளமாகவும் படத்தில் சிக்கனமாகவும் வையுங்கள். நிழலை வெட்டும்போது ரத்தம் இல்லை, வலியும் இல்லை. ஆனால் அவளுக்குக் குளிர்கிறது என்று ஒரு வரி வரலாம். பயத்தை முழுசாக எடுத்துவிட்டால் அவள் துணிச்சலுக்கு இடமே இல்லாமல் போகும். பயப்படும் பக்கத்திலும் குழந்தை பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும்: திறந்திருக்கும் கதவு, தூரத்தில் ஒரு விளக்கு, கையில் அந்தக் கல்.

படித்துக் காட்டிப் பாருங்கள்

வண்ணம் தீட்டும் முன், பென்சில் படங்களோடு இருக்கும் டம்மியை இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை மட்டும் போதாது; அது உங்களுக்காக உட்கார்ந்திருக்கும். "பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டாம், "ம்" என்றுதான் பதில் வரும். புரட்டும் முன் "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் அந்த இடம் தட்டை. ஒன்றுமே சொல்ல முடியவில்லை என்றால் முந்திய பக்கத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எந்தப் பக்கத்தில் கால் ஆட்டத் தொடங்குகிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டிக் கதை சொல்லச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் சரியாக வந்தால் எழுத்தில் இன்னும் வெட்ட இடம் இருக்கிறது.

அச்சுக்கு அனுப்பும்போது

படங்கள் அச்சிடும் அளவில் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும். ஓரம் வரை வண்ணம் போகும் பக்கங்களில் நாலு புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்துவிடுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு வராது. நடுமடிப்பில் முகமோ, கோத்த கைகளோ விழக் கூடாது. பாதி உள்ளே போய்விடும். 24, 25ஆம் பக்கத்தில் கத்தரிக்கோல் சரியாக மடிப்பில் சிக்க வாய்ப்பு உண்டு, தள்ளி வையுங்கள்.

எழுத்துரு 16 முதல் 20 பாயின்ட். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி எல்லாம் இருப்பதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். சொல்லை வரி ஓரத்தில் உடைக்க வேண்டாம். பக்கம் வடிவமைக்கும் லேஅவுட் மென்பொருளில் தமிழை ஒட்டியதும் 'கொ', 'கெ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இன்டிசைன் என்ற மென்பொருளில் என்றால் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பிடிஎஃப் ஆக்கிய பிறகும் ஒரு தடவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

திரையில் தெரியும் இருட்டு வேறு, தாளில் விழும் இருட்டு வேறு. கணினித் திரை ஒளி விடுகிறது, தாள் விடுவதில்லை. கருநீலமும் கறுப்பும் கலந்த இரவுப் பக்கங்கள் அச்சில் ஒரே கறுப்பாக இறங்கி, வானத்தில் தைத்த முகிலின் உருவம் காணாமல் போய்விடலாம். வண்ணத்தை அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றியதும், பாட்டியின் வீட்டுப் பக்கத்தை மட்டும் அதே தாளில் மாதிரி அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, இரவு படுக்கை விளக்கில் ஒரு தடவை பாருங்கள். இந்தப் புத்தகத்தைப் பெரும்பாலும் அந்த விளக்கில்தான் படிப்பார்கள். ஒட்டின் ஓரத்தில் போட்ட தையல்கள் இரண்டிலும் தனித்தனியாகத் தெரிந்தால் மற்ற பக்கங்களை அனுப்பலாம்.